பிள்ளைகளிடம் மறைப்பது தகுமா?

பொய் பேசுதல் பெரும் பாவம் என்று நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்கள் சொன்னார்கள். ஒருவர் நம்பிச் சொன்ன இரகசியத்தைக் காப்பது அமானிதம் என்றும் அவர்களே சொன்னார்கள். இரண்டும் சரி. ஆனால் ஒரு வீட்டில் தகப்பன் தன் பிள்ளையிடம் ஒரு சங்கதியை மறைத்து வைத்தால் அதை எந்தப் பற்றில் எழுதுவது? கடனோ, கூட்டு வியாபாரத்தில் வந்த நஷ்டமோ, வைத்தியர் சொன்ன வியாதியின் பெயரோ, ஊரில் விட்டு வந்த ஒரு பழைய சச்சரவோ, இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத வீடு அபூர்வம். "பிள்ளைகளுக்கு எதற்கு அந்தப் பேச்சு?" என்ற ஒரே வார்த்தையில் நாம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். அந்த வார்த்தை நியாயமானதா என்று ஒரு தடவையாவது நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

இதை நிறுத்துப் பார்க்க நமக்குத் தராசாக வந்தது குழந்தைகளுக்காக எழுதப்பட்ட ஒரு வானவெளிக் கதை. குழந்தைக் கதையா என்று நம் வாசகர்கள் நகைக்க வேண்டாம். 1962-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'எ ரிங்கிள் இன் டைம்' என்பது அதன் பெயர். 'காலத்தில் ஒரு மடிப்பு' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் மேடலின் லெங்கிள் (1918–2007) என்னும் அம்மையார். அவர் நம்மவர் என்றே நாம் சொல்வோம். மதத்தாலோ நாட்டாலோ அல்ல, தொழிலால். 1950-களில் கனெக்டிகட் மாநிலத்தில் கோஷென் என்ற சிற்றூரில் அவரும் அவர் கணவரும் பலசரக்குக் கடை நடத்தினார்கள். கணவர் நாடக நடிகர். வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவர். அம்மையாருக்குக் கடையும் பிள்ளைகளும் வீடும் போக மிஞ்சிய நேரத்தில் எழுத்து. எழுதியவை போன வேகத்தில் திரும்பி வந்தன. நாற்பதாவது பிறந்த நாளன்றே ஒன்று திரும்பி வந்து, தட்டச்சு யந்திரத்தை மூடி வைத்துவிட்டாராம். இந்த நாவலையும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட பதிப்பகத்தார் வேண்டாம் என்றார்கள். வெளிவந்த மறு வருஷமே, 1963-ல், அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்குக் கொடுக்கப்படும் நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. வாங்க ஆளில்லை என்று ஒரு சரக்கை மூலையில் போடும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. 2018-ல் டிஸ்னி கம்பெனியார் இதைப் படமாகவும் எடுத்தார்கள்.

நமக்கு இங்கிலீஷ் கடைக் கணக்களவுதான். மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து, இரவில் கடை கட்டிய பிறகு பக்கம் பக்கமாகச் சொல்ல, நாம் கேட்டோம். அவள் அவசரமாகத் தாண்டிய இடங்களில் நாம் நிறுத்திக் கேட்டோம். நாம் கொட்டாவி விட்ட இடங்களில் அவள் குதித்தாள். யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதும் இந்தக் கேள்வியைச் சேர்ந்ததே.

கதை இதுதான். மெக் என்ற பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண். அவளுக்குப் பத்து வயதில் இரட்டைத் தம்பிகள் இருவர், ஐந்து வயதில் சார்ல்ஸ் வாலஸ் என்று கடைக்குட்டி ஒருவன். தகப்பனார் அரசாங்கத்து விஞ்ஞானி. இரகசியமான வேலை. கடிதம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏறக்குறைய ஒரு வருஷமாகச் செய்தி இல்லை. தாயாரும் விஞ்ஞானிதான், வீட்டோடு சேர்ந்த ஆராய்ச்சி அறையில், மருந்து காய்ச்சும் அடுப்பிலேயே இரவுச் சாப்பாட்டையும் வேகவைக்கிற அம்மையார். ஊர்வாய் சும்மா இருக்குமா? தபாலாபீஸ் அம்மாளுக்கு அந்த வீட்டுக்குக் கடிதம் வரவில்லை என்பது தெரியும். அது போதும். மனிதர் வேறு யாருடனோ போய்விட்டார் என்று ஊர் முழுவதும் பேச்சு. பள்ளித் தலைமையாசிரியரே மெக்கைக் கூப்பிட்டு, உண்மையை ஒப்புக்கொள்ளப் பழகு என்கிற மாதிரி ஜாடையாகப் பேசுகிறார். அவள் பள்ளியில் சண்டைக்காரி என்று பெயரெடுக்கிறாள்.

இந்த இடத்தில் நாம் மகளை நிறுத்தச் சொன்னோம். அந்தப் பெண்ணுக்குத் துன்பம் எங்கிருந்து வந்தது? தகப்பன் இல்லாததிலிருந்து பாதி. மீதிப் பாதி, அவர் ஏன் இல்லை என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இல்லாததிலிருந்து. வீட்டில் காலியாக விட்ட இடத்தைத் தெரு வந்து நிரப்பிவிட்டது. விலைச்சீட்டு இல்லாத சரக்குக்கு வாடிக்கைக்காரர் தாமே ஒரு விலை போட்டுக்கொள்வதில்லையா? அந்த விலை ஒருபோதும் நமக்கு அனுகூலமாக இராது.

நம் சமூகத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாப்பா மலாயாவில், பிள்ளை ஊரில் என்று எத்தனை வீடுகள் இருந்தன! மாதம் ஒரு கடிதம், வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது சபராளி கையில் ஒரு பெட்டி. கடிதம் தவறிய மாதங்களில் அந்தப் பிள்ளைகளின் காதில் விழுந்தது என்னவென்று அவர்களிடம் எந்த வாப்பாவும் கேட்டதில்லை.

நிற்க. அந்தத் தாயார் செய்ததைக் கவனிக்க வேண்டும். அவள் பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. நாளை வந்துவிடுவார் என்று மிட்டாய் வார்த்தை சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாள். கணவருக்கு ஒவ்வோர் இரவும் கடிதம் எழுதுகிறாள், பதில் இல்லாதபோதும். ஆனாலும் அவளிடம் ஒரு இரகசியம் இருந்தது. ஒரு புயல் இரவில் வீட்டுக்கு வந்த ஒரு விநோதமான கிழவி, போகிற போக்கில் 'டெஸ்ஸராக்ட்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல, தாயாரின் முகம் வெளுத்துப்போகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். நாம் வாயை அடக்கிவிடலாம்; முகத்தை அடக்க முடியாது. பிள்ளைகள் வாசிப்பது முகத்தைத்தான்.

அந்தச் சொல்லின் பொருளைக் கதையிலேயே அழகாகச் சொல்லியிருக்கிறது. துணிக் கடைக்காரர்களுக்கு உடனே விளங்கும். ஒரு துணியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எறும்பு வலது கையிலிருந்து இடது கைக்குப் போக வேண்டுமானால் துணி நெடுக நடக்க வேண்டும். இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் துணியை மடித்துவிட்டால்? ஓர் எட்டில் போய்விடலாம். அண்டவெளியையும் அப்படி மடித்துப் பிரயாணம் செய்ய முடியும் என்பது கதையின் கற்பனை. மெக்கின் தகப்பனார் இதைத்தான் இரகசியமாக ஆராய்ந்தார். சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் முதலில் போனவர் வேறொருவர், அவர் திரும்பவில்லை. இரண்டாவது இவர். செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்பட்டவர், வழி தவறி எங்கோ தொலைதூரத்தில் கமஸோட்ஸ் என்னும் கிரகத்தில் போய் மாட்டிக்கொண்டார். மெக்கும் சின்னத் தம்பியும் கால்வின் என்ற பையனும் அவரைத் தேடிப் போகிறார்கள்.

கமஸோட்ஸ் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? எல்லா வீடும் ஒரே அச்சு. எல்லாப் பிள்ளைகளும் வாசலில் பந்து தட்டுகிறார்கள், ஒரே தாளத்தில். ஒரே சமயத்தில் எல்லாக் கதவும் திறக்கிறது, எல்லாத் தாய்மாரும் கூப்பிடுகிறார்கள். ஒரு பையனுக்கு மட்டும் தாளம் தவறுகிறது. அவனுடைய தாய் வெலவெலத்துப் போகிறாள். பிறகு பார்த்தால் அந்தப் பையனை ஓர் அறையில் போட்டு, சரியாகத் தட்டும்வரை நோக நோகப் பழக்குகிறார்கள். அத்தனை பேருடைய மனத்தையும் ஆளுகிறது உடம்பில்லாத ஒரு பெரிய மூளை. அங்கே யாருக்கும் தனக்கென்று ஒரு நினைப்பு இல்லை. ஆகவே இரகசியமும் இல்லை.

இதுதான் நம்மை யோசிக்க வைத்தது. "எல்லாவற்றையும் எல்லாரிடமும் திறந்து சொல்லிவிடு, பிரச்சினை தீர்ந்தது" என்று இக்காலத்தில் பலர் பேசுகிறார்கள். இரகசியமே இல்லாத ஊர் சுவர்க்கமாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். அம்மையாரோ இரகசியமே இல்லாத ஊரைச் சிறைச்சாலையாக எழுதியிருக்கிறார். அது நமக்குச் சரியாகவே படுகிறது. மனிதனுக்குத் தனக்கென்று ஓர் உள்ளறை வேண்டும். அதில் சில சாமான்களைப் பூட்டி வைக்க அவனுக்குப் பாத்தியதை உண்டு, தகப்பனுக்கும் உண்டு.

கால்வின் பையனுடைய வீட்டுக் கதையும் இதோடு சேர்ந்தது. பள்ளியில் அவன் பேரெடுத்த பிள்ளை, பந்தாட்டக்காரன். வீட்டிலோ பதினொரு பிள்ளைகள், அவனை ஏறிட்டும் பாராத தாய். வழியில், தூரத்தில் நடப்பதைக் காட்டும் ஒரு பளிங்கு உருண்டையில் அவரவர் தாயைப் பார்க்கிறார்கள். கால்வினுடைய தாய் தலைவிரி கோலமாகக் கூச்சலிட்டுக்கொண்டு, ஒரு பிள்ளையை அகப்பையால் அடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் இத்தனை காலம் பள்ளியில் மறைத்து வைத்திருந்தது சிநேகிதியின் கண்ணெதிரே தெரிந்துபோயிற்று. மெக் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மகள் இந்த இடத்தைத் திரும்பவும் ஒரு தடவை தனக்குள் வாசித்துக்கொண்டாள். நாம் ஏன் என்று கேட்கவில்லை.

அப்படியானால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது? இதற்கு நாம் தொழிலிலிருந்தே ஒரு விதி எடுக்கிறோம். ஒரு சரக்கை எந்த விலைக்குக் கொள்முதல் செய்தோம் என்று வாங்க வருகிறவரிடம் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லை. அசல் விலை நம்முடைய இரகசியம். ஆனால் அந்தச் சரக்கில் பழுது இருந்தால் அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது. இரண்டும் மறைப்புதானே, ஏன் ஒன்று ஆகும், ஒன்று ஆகாது? அசல் விலை நம்மைச் சேர்ந்தது. பழுதோ, காசு கொடுத்த நிமிஷத்திலிருந்து வாங்கியவர் தலையில் விழப்போவது. அவர் தலையில் விழப்போவதை அவரிடம் மறைக்க நமக்குப் பாத்தியதை இல்லை.

வீட்டிலும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். கணவன் மனைவிக்குள் நடந்த மனத்தாங்கல், வாலிபத்தில் பட்ட அவமானம், ஒருவர் நம்பி ஒப்படைத்த பேச்சு, இவை அசல் விலையைச் சேர்ந்தவை. பிள்ளைக்கு இதில் பங்கு இல்லை. ஆனால் கடை பேரில் ஏறியிருக்கும் கடன் நாளை மகன் தலையில் விழும். குடும்பத்தில் தொடரும் வியாதி மகள் உடம்பில் விழும். வேறோர் இடத்தில் ஒரு குடும்பம் இருக்குமானால், மௌத்தான வீட்டில் மையித்தைத் தூக்கும் முன்பே அது வாசலில் வந்து நிற்கும். இவை பழுது. மெக்குக்குத் தகப்பனாருடைய சூத்திரம் வேண்டியதில்லை. அது அரசாங்கத்துச் சொத்து. ஆனால் தகப்பன் தன்னை வெறுத்துப் போகவில்லை என்பது அவளுடைய சொத்து. தகப்பனார் புறப்படும் முன்பே அதை அவள் கையில் வெளிப்படையாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நம் விதிக்கு அடங்காத ஒரு நிஜக் கதையையும் சொல்லியாக வேண்டும். இதுவும் வானவெளியைச் சேர்ந்ததே. 2007-ல் நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸஃபர் ஷுகோர் நோன்பு மாதத்தில் வானவெளிக்குப் போனாரே, அவரை ஏற்றிச் சென்ற சோயூஸ் ராக்கெட்டின் மூல வம்சம் ஆர்-7 என்பது. அதைப் படைத்தவர் செர்கெய் கொரொலேவ் (1907–1966). 1957 அக்டோபர் 4-ல் பறந்த முதல் ஸ்புட்னிக்கும், 1961 ஏப்ரல் 12-ல் ககாரின் போன கப்பலும் அவர் தலைமையில் நடந்தவை. ஆனால் அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. 'தலைமை வடிவமைப்பாளர்' என்று மட்டுமே சொல்வார்கள். பத்திரிகையில் எழுதினாலும் செர்கேயெவ் என்ற புனைபெயரில்தான். 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகே பெயரும் படமும் வெளிவந்தன.

அது அரசாங்கத்து இரகசியம். நாம் சொல்ல வந்தது வீட்டு இரகசியம். 1938-ல், அவருடைய ஒரே மகள் நத்தாலியாவுக்கு மூன்று வயதானபோது, பொய்க் குற்றத்தின் பேரில் அவரைப் பிடித்துப் போனார்கள். கோலிமா தங்கச் சுரங்கத்தில் குளிரிலும் பசியிலும் உயிர் போகும் தறுவாய்வரை கிடந்தார். பிறகு மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து, கைதி விஞ்ஞானிகளை வைத்து விமானம் வரையும் ஒரு சிறைக்கூடத்தில் வைத்தார்கள். வீட்டில் குழந்தையிடம் என்ன சொல்வது? உன் தகப்பனார் விமானி, இரகசிய வேலையாய்ப் பறந்து போயிருக்கிறார் என்றார்கள். ஒருநாள் குழந்தையை அவரைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். சின்னஞ்சிறிய முற்றம். சுற்றிலும் சுவர். இவ்வளவு சிறிய இடத்தில் விமானத்தை எப்படி இறக்கினீர்கள் என்று அவள் தகப்பனாரைக் கேட்டாளாம். பக்கத்தில் நின்ற காவற்காரர் குறுக்கிட்டு, இங்கே இறங்குவது எளிது, ஏறிப் போவதுதான் கஷ்டம் என்றாராம். வளர்ந்த பிறகு அந்த மகளே சொன்ன செய்தி இது.

இது அப்பட்டமான பொய். ஆனாலும் இதைக் குற்றம் என்று எழுத நமக்குக் கை வரவில்லை. அந்தக் காலத்து ருஷியாவில் 'மக்கள் விரோதியின் பிள்ளை' என்று பெயர் விழுந்தால் அந்தக் குழந்தை கதி என்ன? மூன்று வயது வாய்க்குப் பூட்டு உண்டா? குழந்தையின் தலையில் விழப்போவதைத் தடுக்கவே அவர்கள் அதை மறைத்தார்கள். பழுதை மறைத்துத் தன் காசைக் காப்பாற்றிக்கொள்கிற கடைக்காரனும் இவர்களும் ஒன்றல்ல. யாருக்காக மறைக்கிறோம் என்ற நிய்யத்தே இங்கே தீர்ப்புச் சொல்கிறது என்று நாம் கருதுகிறோம்.

உடனே சிலர், "நாங்களும் பிள்ளைகள் நன்மைக்காகத்தான் மறைக்கிறோம்" என்பார்கள். சொல்லட்டும். அவர்களிடம் நமக்கு ஒரு கேள்வி உண்டு. உண்டியல் எழுதிக் கொடுத்தால் தவணைத் தேதி போட வேண்டாமா? மூன்று வயதில் சொல்ல முடியாததைப் பதின்மூன்று வயதில் சொல்வீர்களா, இருபதில் சொல்வீர்களா? தவணை இல்லாத மறைப்பு எப்போதும் மறைக்கிறவர் நன்மைக்கே. பிள்ளைக்கு மீசை முளைத்து, அவனுக்கும் பிள்ளை பிறந்த பிறகும் "அவனுக்கு எதற்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவனைக் காப்பாற்றவில்லை. அவன் முன்னால் தமக்கிருக்கும் அந்தஸ்தைக் காப்பாற்றுகிறார்.

அந்தஸ்து என்றதும் நாவலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மெக் தகப்பனாரைக் கண்டுபிடித்துச் சிறை மீட்டுவிடுகிறாள். இனி எல்லாம் வாப்பா பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறாள். அவரால் முடியவில்லை. சின்னத் தம்பி அந்த மூளையின் பிடியில் சிக்கிக்கொள்ள, அவனை அங்கேயே விட்டுவிட்டு, மெக்கையும் கால்வினையும் மட்டும் தூக்கிக்கொண்டு அவர் தப்புகிறார். வேறு வழி இல்லை. ஆனால் மெக்குக்கு அப்போது வருகிற கோபம், தகப்பன் ஒரு வருஷம் வராதிருந்தபோது கூட வந்ததில்லை. எல்லாம் செய்யக்கூடியவர் என்று நம்பியிருந்த தகப்பன் சாதாரண மனிதர்! கடைசியில் தம்பியை மீட்கத் தனியாகத் திரும்பிப் போகிறவள் அவள்தான். தகப்பனார் தடுத்துப் பார்த்து, பிறகு அனுப்பி வைக்கிறார்.

ஊரும் அரசாங்கமும் மறைத்த அத்தனை இரகசியத்துக்கும் அடியில் இருந்த இரகசியம் இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது: தகப்பனுக்கும் பயம் உண்டு, கையாலாகாத நேரம் உண்டு. நம்மில் பலர் மறைப்பது பாவத்தை அல்ல. பெரும்பாலோருக்கு அவ்வளவு பெரிய பாவம் செய்ய நேரமும் இல்லை. மறைப்பது பலவீனத்தை. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கிப் பெருநாள் துணி எடுக்கிறவர் ஏமாற்றுக்காரர் அல்லர். மகன் கண்ணில் சிறுத்துப்போகக் கூடாது என்கிற ஆசை அவருக்கு. அந்த ஆசைக்கு வட்டி கட்டப் போகிறவன் அந்த மகனே.

2015-ல் ஒரு செய்தி வந்தது. அம்மையார் எழுதி, அச்சுக்குப் போகும் முன் நீக்கிவிட்ட சில பக்கங்களை அவருடைய பேத்தி கண்டெடுத்து வெளியிட்டார். அந்தக் கிரகம் ஏன் அப்படிக் கெட்டது என்று மெக் கேட்க, கொடுங்கோல் ஆட்சி மட்டும் காரணமல்ல, ஆபத்தே கூடாது, பத்திரமே போதும் என்கிற அளவுக்கு மீறிய ஆசையும் மனிதரை அங்கே கொண்டுபோய்விடும் என்ற கருத்தில் தகப்பனார் பதில் சொல்கிறாராம். வீட்டைப் பத்திரமாக வைக்கிறோம் என்று நாம் போடுகிற பூட்டுகளுக்கும் இது பொருந்தும். இதை ஏன் நீக்கினார்களோ! நம்மைக் கேட்டால் விட்டிருக்கலாம்.

நாவலின் முடிவில் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி, வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வந்து விழுகிறார்கள். தாயார் ஓடி வருகிறாள். பின்னால் இரட்டைப் பையன்கள் ஓடி வருகிறார்கள். அந்த இருவரையும் யாரும் எங்கும் கூட்டிப் போகவில்லை, யாரும் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. தகப்பனார் எங்கே போயிருந்தார் என்று அவர்களிடம் சொன்னார்களா? அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. அது முடியும் பக்கத்தில் நாம் மகளைக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் சிரித்துவிட்டு, இருபத்து நான்கு வருஷம் கழித்து, 1986-ல், அம்மையார் அந்த இரட்டையருக்கென்றே 'மெனி வாட்டர்ஸ்' என்று ஒரு நாவல் எழுதியிருப்பதைச் சொன்னாள். அதில் பையன்கள் இருவரும் வீட்டு ஆராய்ச்சி அறைக்குள் கோக்கோ எடுக்கப் போகிறார்கள். உள்ளே வராதீர்கள், ஆராய்ச்சி நடக்கிறது என்று எழுதித்தான் வைத்திருந்தது. இவர்கள் கவனிக்கவில்லை. தகப்பனாருடைய கணினியில் விளையாட்டாக, குளிரில்லாத ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்று தட்டி வைத்தார்கள். அடுத்த நிமிஷம் பாலைவனத்தில் கிடந்தார்கள், நூஹு நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் காலத்தில், வெள்ளம் வருவதற்குச் சற்று முன்னால்.